ஸ்பாக்கின் விரல்களைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஓடிடி தள நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். நான் அனுப்பிய மூன்று புகார்களும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: "உங்கள் டிவியின் பிக்சர் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்." மாற்றிப் பார்த்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகியும் பார்த்துவிட்டேன். அதே டிவியில் பழைய டிவிடியைப் போட்டால் படம் முழுசாக வருகிறது. உங்கள் தளத்தைத் திறந்தால் தலை போகிறது. கோளாறு என் வீட்டில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாலு பேர் படிக்கிற மாதிரி இந்த மடல்.

1966 முதல் 1969 வரை வந்த பழைய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் 79 எபிசோடுகளும் அந்தக் காலத்து 4:3 (அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்கு) திரைக்காக எடுக்கப்பட்டவை. இன்றைய 16:9 அகலத் திரையை நிரப்புவதற்காக அதை மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உயரத்தில் சரியாகக் கால்வாசி போகிறது. இலை மேஜைக்குப் பெரிசாக இருக்கிறது என்று, பரிமாறிய பிறகு மேலும் கீழும் கத்தரிக்கிற வேலை இது.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை இந்தத் தொடர் வரும். எங்களிடம் இருந்தது ஷட்டர் கதவு வைத்த 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. அப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். இதில் சிவப்புச் சட்டைக்காரன் கிரகத்தில் இறங்கினால் அவன் கதை முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும். எங்கள் பெட்டியில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம் என்பதால் எங்களுக்கு ஒவ்வொரு சாவும் அதிர்ச்சிதான்! இப்போது அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வண்ணத்தில் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகத்தான் உங்கள் ஆண்டுச் சந்தாவைக் கட்டினேன்.

முதல் சீசனின் 29 எபிசோடையும் பார்த்துவிட்டோம். பார்த்தோம் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால் அந்தக் காலத்தில் கண்டுபிடித்த உத்தி, ஆட்களைக் கப்பலில் ஒரு மேடையில் நிறுத்தி மினுமினுவென்று கரைய வைத்து, கிரகத்தில் தோன்ற வைப்பது. அந்த மேடையில் காலடியில் வட்டத் தட்டுகள் இருக்கும். உங்கள் தளத்தில் தட்டும் இல்லை, காலும் இல்லை. "பேய்க்குத்தானேடா கால் இருக்காது?" என்றார் அப்பா.

அதைக்கூடச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அப்பாவுக்குக் காது மந்தம். சப்டைட்டிலைப் படித்துத்தான் கதையைப் பிடிக்கிறார். முழுப் படத்தில் அந்த எழுத்து நெஞ்சுக்குக் கீழே விழும். நீங்கள் அடிப்பகுதியை வெட்டியதால் முகத்தைக் கிட்டத்தில் காட்டும்போதெல்லாம் எழுத்து நேராக வாய்மேல் வந்து உட்காருகிறது. டாக்டர் மக்காய் வள்ளென்று விழுகிற இடங்களில் வாயைக் காணோம், உச்சந்தலையைக் காணோம், நடுவில் இரண்டு கண், ஒரு மூக்கு. சின்னத் திரைக்கு என்று முகத்தை நெருக்கி நெருக்கி எடுத்த தொடர் இது. அதில் கால்வாசி போனால் இவ்வளவுதான் மிஞ்சும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா என் பக்கம் திரும்பி, "யாருடா பேசறது?" என்கிறார். நான் ரிமோட்டில் படத்தை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். 50 நிமிட எபிசோட் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அந்த 20 அங்குலப் பெட்டியில் தெரிந்தது இந்த 55 அங்குலத்தில் தெரியவில்லை.

எடுத்தபடியே காட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

நல்ல பிரதி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2006இல் இந்தத் தொடரின் மூல நெகட்டிவிலிருந்தே உயர்தரத்தில் புதுப்பித்தார்கள். விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தார்கள் (எனக்கு அந்த 11 அடி மாடல் கப்பல்தான் அழகு, அது வேறு கதை). அப்போதுகூட 4:3 சட்டத்தில் கை வைக்கவில்லை. இதன் ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபின்னர்மன் வெறும் சாம்பல் சுவரில் வண்ண விளக்கை அடித்தே வேற்றுக்கிரகத்தைக் காட்டியவர். சட்டத்துக்குள் எது இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? 2019இல் ஒரு பெரிய தளம் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் பழைய எபிசோடுகளை இதே மாதிரி நறுக்கப்போய், படத்தில் இருந்த நகைச்சுவையே வெட்டுப்பட்டு, ரசிகர்கள் சண்டை பிடித்த பிறகு அடுத்த ஆண்டு பழைய வடிவத்தையும் சேர்த்தது. முடியாத காரியம் இல்லை.

எடுத்தபடியே காட்டினால் திரையின் இரண்டு பக்கமும் வருகிற கறுப்புப் பட்டை வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது என்பீர்கள். இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை வந்தால் தாங்க முடியாத அதே வாடிக்கையாளர்தான், மாதாமாதம் நீங்கள் ஏற்றுகிற கட்டணத்தையும் நடுவில் செருகுகிற விளம்பரத்தையும் தாங்கிக்கொள்கிறார். எபிசோட் முடிந்து, வேறு வேறு கதைகளின் நிழற்படங்கள் வரிசையாக வருமே, அதன்மேல்தான் உழைத்தவர்கள் பெயர் ஓடும். அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, "அடுத்தது 5 விநாடியில்" என்று மிரட்டுகிறீர்கள். கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்தால் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று விசாரணை வேறு. பார்க்க என்ன வைத்திருக்கிறீர்கள், ஐயா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன். இந்தத் தொடருக்கும் கடிதத்துக்கும் பழைய சொந்தம் உண்டு. இரண்டாவது சீசனோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1968 மார்ச்சில் தொடர் நீடிக்கும் என்று, அதை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவித்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, ஒரே வருஷத்தில் கதையை முடித்தார்கள் என்பது வேறு. ஆனாலும் படித்தார்கள். நீங்களும் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மறுபடியும் கேட்கிறேன்: எடுத்தபடியே காட்டுங்கள். எல்லாருக்கும் வேண்டாம் என்றால், "அசல் வடிவம்" என்று ஒரு பொத்தானாவது வையுங்கள். நாங்கள் அழுத்திக்கொள்கிறோம்.

இரண்டாம் சீசனின் முதல் எபிசோட் "அமோக் டைம்". கப்பலில் இருக்கிற கூர்காது வேற்றுக்கிரகவாசி ஸ்பாக் கையை உயர்த்தி, நான்கு விரலை இரண்டிரண்டாகப் பிரித்து வணக்கம் வைப்பது அதில்தான் முதல் தடவை. சிறுவயதில் யூதக் கோவிலில் பார்த்த ஆசீர்வாத முத்திரையிலிருந்து, ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோய் கொண்டுவந்தது. அப்பாவுக்கு மூட்டு வலியிலும் அந்த முத்திரை வரும். எனக்கு இன்னும் ரப்பர்பேண்ட் வேண்டும். அந்தக் கையின் விரல்நுனி உங்கள் வெட்டில் நிற்குமா என்று முன்னோட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "நெட் சரியில்லப்பா" என்று நான்கு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பணம் முழுசாகக் கட்டிய சந்தாதாரர் ஒருவன்,
சென்னை