பள்ளி மைதானத்தில் சுமத்தப்பட்ட பழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யூத வெறுப்பு குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை நாஜிக் காலத்தோடு நின்றுவிட்டது குறையாகப் பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யூதக் குழந்தைகள் பலர் மதவெறுப்பை முதலில் சந்தித்தது, நேற்றுவரை உடன் விளையாடிய ஒருவன் பள்ளி மைதானத்தில், "எங்கள் இயேசுவைக் கொன்றவர்கள் நீங்கள்தானே?" என்று கேட்டபோதுதான். குற்றம் என்னவென்றே விளங்காத ஏழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து, "நாம் யாரையாவது கொன்றோமா அம்மா?" என்று கேட்டால் அந்தத் தாய் என்னதான் சொல்வாள்?

பழி சொன்ன சிறுவனும் பாவம், மறைக்கல்வி வகுப்பில் பெரியவர்கள் கற்பித்ததையே திருப்பிச் சொன்னான். மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், இத்தகைய போதனையே வெறுப்பை வளர்த்தது என்று இடைவிடாது எழுதியதோடு, 1960இல் திருத்தந்தை 23ஆம் யோவானை நேரில் சந்தித்தும் முறையிட்டார். இயேசுவின் பாடுகளுக்கான, அதாவது அவர் சிலுவையில் பட்ட துன்பத்துக்கும் சாவுக்குமான பழியை அன்றைய யூதர் அனைவர் மீதும், இன்றைய யூதர் மீதும் சுமத்தலாகாது என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததோ 1965இல்தான். யூத இனப்படுகொலை முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து வந்த அந்த அறிவிப்பின் வரலாற்றையும், அதற்காகத் தள்ளாத வயதிலும் போராடிய இசாக்கின் பணியையும் தங்கள் ஞாயிறு இதழில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்