பாடும் மீனுக்குப் பக்கத்தில் ஒரு நீர்வாத்தியம்

மட்டக்களப்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வாவிக்கரைப் பூங்காக்களைத் திருத்தும் பேச்சு வரும்போதெல்லாம் இன்னொரு மீன் சிலையும் இன்னொரு செயற்கை நீரூற்றும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வாங்கிய ஊரில் பார்க்கத்தான் மீன் இருக்கிறது, கேட்க ஒன்றுமில்லை. பௌர்ணமி இரவில் வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியில் காதை வைத்து, வாவிக்குள்ளிருந்து எழும் பாட்டைக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்குக் கல்லடிப் பாலத்தில் கேட்பது வாகன இரைச்சல்தான்.

அதனால் ஒரு யோசனை. நீரூற்று கட்டத்தான் போகிறீர்கள் என்றால், அதை வாசிக்கக் கூடியதாகக் கட்டுங்கள்.

கனடாவில் ஸ்டீவ் மான் என்ற பேராசிரியர் உருவாக்கிய ஹைட்ரோலோஃபோன் என்ற வாத்தியம் இருக்கிறது. ஒரு தடித்த குழாய், அதில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துளையை விரலால் மூடினால், அங்கே வெளியேற வேண்டிய தண்ணீர் உள்ளே வேறு வழியாகத் திரும்பி அந்தத் துளைக்குரிய சுரத்தை எழுப்பும். பத்து விரலால் பத்துத் துளையையும் மூடலாம். முழுதாக மூடாமல் விரலை லேசாகச் சரித்தால் சுரம் வளையும், தடிக்கும், மெலியும். நம் காதுக்கு அது கமகம். பியானோவில் கிடைக்காதது இங்கே விரல்நுனியில் கிடைக்கிறது. பார்வையற்ற பிள்ளைக்கும் துளையைத் தேடச் சிரமமில்லை, தண்ணீரே கையில் வந்து படும்.

டொரன்டோவில் ஒன்டாரியோ அறிவியல் மையத்துக்கு வெளியே, யாரும் தொட்டு வாசிக்கும்படி ஒன்றை வைத்திருந்தார்கள். அந்த மையம் 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. அது வேறு கதை. குரோவேஷியாவின் சதார் நகரில் 2005இல் கட்டிய கடல் ஓர்கன் பிரபலம்தான். ஆனால் அதை அலை வாசிக்கிறது, மனிதர் உட்கார்ந்து கேட்கிறார்கள். நமக்கு வேண்டியது பிள்ளைகள் கைவைக்கும் வாத்தியம்.

1848இல் இங்கே வந்த ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியின் ஒலியை, ஈரவிரலால் வைன் கிளாஸின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு ஒப்பிட்டார். பாடுவது மீனா, ஊரி என்ற ஓட்டுயிரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லையே.

சுரம் வைக்கும் வேலையைக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திடம் கொடுங்கள். யாழ் நூல் எழுதி 1947இல் வெளியிட்ட காரைதீவுத் துறவியின் பெயரில் இயங்கும் இடம்; இதைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். என் விருப்பம் மோகன ராகம். ஐந்தே சுரம். எந்தப் பிள்ளை எந்த இரண்டு துளையை ஒன்றாகப் பொத்தினாலும் காது கூசாது.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வாவித் தண்ணீரை நேரே ஏற்றக் கூடாது. உவர் குழாயை அரித்துவிடும், பாசி துளையை அடைத்துவிடும். நல்ல தண்ணீரை வடிகட்டி, குளோரின் இட்டு, திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். பிள்ளைகளின் முகத்தில் தெறிக்கும் தண்ணீர், ஆகவே ஒழுங்காகப் பரிசோதிக்கவும் வேண்டும். மோட்டார் இரைந்தால் வாத்தியம் கேட்காது. அதைத் தள்ளி, மண்ணுக்குள் தொட்டி கட்டி வையுங்கள். அப்புறம், பார்த்துக்கொள்ள ஒருவர். திறப்புவிழாவுக்கு மறுவருடம் வறண்டு கிடக்கும் நீரூற்றுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அந்தக் கணக்கில் இதுவும் சேர வேண்டாம்.

உடனே பெரிதாகக் கட்டுங்கள் என்று கேட்கவில்லை. காந்தி பூங்காவின் ஒரு மூலையில் ஐந்து துளையோடு ஒரு மாதிரியைச் செய்து பார்க்க அனுமதி தாருங்கள். குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆன செலவை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். சபையிடம் கேட்பது தண்ணீர் இணைப்பும் கரண்டும் மட்டும்தான்.

இப்படிக்கு,
வாவிக்கரைவாசி ஒருவர்