மீனுக்கும் பட்டா உண்டு

இசாஃபியோர்துர்,
செப்டம்பர் கடைசி

அன்புள்ள ராசேந்திரா,

"ஐஸ்லாந்தில் என்னடா வெள்ளாமை?" என்று கேட்டிருந்தாய். புல்தான். நிஜமாகவே. நாட்டின் பரப்பில் உழுது பயிர் வைக்கும் நிலம் நூற்றில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டும். அதிலும் முக்கால்வாசி ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல். கோடையில் அறுத்து, உருட்டி, வெள்ளை பிளாஸ்டிக் சுற்றி அடுக்கிவிடுகிறார்கள். தக்காளியும் வெள்ளரியும் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரின் சூட்டில், கண்ணாடிக் கூடத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் காய்க்கின்றன. விலையைப் பார்த்தால் ரசம் வைக்க மனசு வராது.

போன சனிக்கிழமை ஆடு பிரிக்கப் போயிருந்தேன். கோடை முழுக்க மலையில் கேட்பாரற்று மேய்ந்த ஆடுகளைக் குதிரையில் போய் ஓட்டி வருகிறார்கள். வட்டமாக ஒரு பட்டி. சுற்றிலும் பண்ணைக்கு ஓர் அறை. காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, காலிடுக்கில் அமுக்கி அவரவர் அறைக்குத் தள்ள வேண்டும். என்னை ஒரு கடா சேற்றில் உருட்டிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

மீன் கதைதான் மனசை அறுக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். இந்தக் கடலில் மீன் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படகுகளின் இழுவலை வடத்தை ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல்கள் அறுத்துவிட்ட கதையைக் கண் மின்னச் சொல்வார். 1976-இல் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை மீன்பிடி உரிமை இவர்கள் கைக்கு உறுதியாக வந்தது. 1984-இல் காட் என்ற கடல்மீனுக்குக் கோட்டா வந்தது, அதாவது எந்தப் படகு எவ்வளவு பிடிக்கலாம் என்ற பங்கு. 1990 சட்டத்துக்குப் பிறகு அதைத் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். மீன்வளம் நாட்டின் பொதுச்சொத்து என்று அதே சட்டம்தான் முதல் வரியில் சொல்கிறது! படகு முதலாளி தன் கோட்டாவை விற்றதும் ஊர்த்துறையில் படகு இருந்தது, பிடிக்க உரிமை இல்லை. மீன்வளம் அழியாமல் இருக்கக் கணக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டா ஏன் ஊர்பேரில் இல்லை?

2009 முதல் கோடையில் மட்டும் சின்னப் படகுகள் கோட்டா இல்லாமல் தூண்டில் போடலாம். பெரியவர் அதில்தான் போகிறார்.

இங்கே காட் மீனின் தலையைக்கூட எறிவதில்லை. காயவைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுகிறார்கள். காற்று திரும்பினால் நம் கருவாட்டு வாடையேதான்.

நாளை அவர் படகைக் கரையேற்றுகிறார். கை கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன். சம்பா நட்டாயிற்றா? எழுது.

உன்,
சேகர்