சரக்குக்குச் சாய்தளம், என் அக்காவுக்குப் படிக்கட்டு

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மாநகர மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பழைய நூலகக் கட்டடத்தை மின்னணுச் சாதன நிறுவனம் ஒன்றுக்குக் கடை வைக்கக் குத்தகைக்கு விடும் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீர்மானத்தின் நகல் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. போன வாரக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எனக்கு 3 நிமிடம் கொடுத்தீர்கள். சொல்ல வந்ததில் பாதியைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

கூட்டம் நூலகத்தின் வாசிப்புக் கூடத்திலேயே நடந்தது. தெருவிலிருந்து அந்தக் கூடத்துக்கு ஏற 14 கருங்கல் படிகள். அன்று அங்கே பேச என்னைவிட அதிக உரிமை உள்ளவர் என் அக்கா. அவர் சக்கர நாற்காலியில் கீழே நடைபாதையில் இருந்தார். கூட்டம் முடிந்து இறங்கி வந்து, "ஏதாவது கேட்டுச்சா?" என்றேன். "உன் பேரைச் சொன்னது கேட்டுச்சு. அப்புறம் மணி அடிச்சது கேட்டுச்சு" என்றார்.

அக்காவிடம் அந்த நூலகத்தின் உறுப்பினர் அட்டை இருக்கிறது. 11 ஆண்டுகளாகத் தவறாமல் புதுப்பிக்கிறார். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. நாங்கள் புத்தகம் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். அவரை வடக்குப் பக்கத்து மர நிழலில் நிறுத்திவிட்டு நான் மேலே போவேன். அலமாரி அலமாரியாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி முதுகுப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். "மூணாவது தட்டு, இடது பக்கத்துல இருந்து அஞ்சாவது. அதுக்குப் பக்கத்துல பச்சை அட்டை போட்டது என்னன்னு தெரியலை, திருப்பிப் பார்த்துட்டு வா" என்பார். மறுபடி 14 படி ஏறுவேன். ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைப்பது வாசகர் எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைக்கும் சுகம். அக்காவுக்கு அது கிடைத்ததே இல்லை. கூடத்தின் குவிமாடத்தில் வட்ட ஜன்னல்கள் வழியாக வெயில் இறங்குவதையும் அவர் போனில்தான் பார்த்திருக்கிறார்.

வடக்குப் பக்கத்தில் ஒரு வாசல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தரை மேடாக இருப்பதால் 2 படிதான். எனக்கு மின்கம்பி வேலை, டேப் எப்போதும் பையில் இருக்கும். அளந்து பார்த்திருக்கிறேன்: படி ஒவ்வொன்றும் 15 செ.மீ., மொத்த உயரம் 30 செ.மீ. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு, ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். அப்படிப் பார்த்தால் 3.6 மீட்டர் போதும். அதற்கு அந்தப் பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. கதவு மட்டும் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. பின்னால் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கதவைத் திறந்து ஒரு சாய்தளம் போட்டுத் தரும்படி 5 மனு கொடுத்தோம். ஐந்துக்கும் ஒரே பதில்: "பாரம்பரியக் கட்டடம் என்பதால் எவ்வித மாற்றமும் செய்ய இயலாது." நான்காவது பதிலில் தேதி மட்டும்தான் மாறியிருந்தது. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். உண்மையாகவே ஏற்றுக்கொண்டோம். பழைய கட்டடத்தைத் தொடக் கூடாது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அக்காவே என்னைச் சமாதானப்படுத்தினார்.

இப்போது நிறுவனம் கொடுத்த வரைபடங்களைக் கூட்டத்தில் பார்வைக்கு வைத்திருந்தீர்கள். 6-ஆம் தாளைத் தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதே வடக்கு வாசல். கதவு அகலப்படுத்தப்படுகிறது. வெளியே ஒரு சாய்தளம் வரைந்திருக்கிறது. பக்கத்தில் "சரக்கு இறக்குமிடம், பணியாளர் மட்டும்" என்று எழுதியிருக்கிறது.

அந்தத் தாளின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் வந்தவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார்.

11 ஆண்டுகளாக ஒரு மனுஷிக்கு முடியாதது அட்டைப்பெட்டிகளுக்கு ஒரே கோப்பில் முடிந்திருக்கிறது. அந்தச் சாய்தளத்தின் நீளம் 2.4 மீட்டர்தான். ஒன்றுக்கு எட்டு சரிவு. தள்ளுவண்டியை இரண்டு பேர் தள்ளி ஏற்றிவிடலாம். அக்காவால் தானாக ஏறவும் முடியாது, பயமில்லாமல் இறங்கவும் முடியாது. வரைந்தவரின் நினைப்பில் அந்த வாசலில் ஒரு மனிதர் வரவே இல்லை. 3-ஆம் தாளில் முன்பக்க ஜன்னல்கள் மூன்றின் அடிச்சுவரைத் தரை வரை வெட்டிக் கண்ணாடிக் கதவு வைக்கிறார்கள். அதற்கும் ஒப்புதல் குறிப்பு எழுதியாகிவிட்டது.

ஆகவே என் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன். தரைத்தள வாசிப்புக் கூடம் வாசகர்களுக்கே இருக்க வேண்டும். வடக்கு வாசல் மனிதர்கள் வரும் வாசலாக, முறையான சாய்தளத்தோடு திறக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் குத்தகைப் பத்திரத்தில் எழுத்தில் வராமல் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது.

நான் கடைக்கு எதிரி இல்லை. அக்காவின் கைக்கு நூலகத்தை எட்ட வைத்ததே ஒரு போன்தான், அதை மறக்க மாட்டேன். மூடிக் கிடக்கும் பழைய கட்டடத்துக்குக் கடை வந்தால் உயிர் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் 1927-இல் கட்டிய டவர் தியேட்டர் 1988-இல் மூடிய பிறகு பல ஆண்டுகள் சும்மாவே கிடந்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் அதைப் புதுப்பித்துக் கடை திறந்தது. அங்கே யாருடைய நாற்காலியையும் பிடுங்கவில்லை. நமது நூலகம் அப்படிக் கிடக்கிறதா? காலை கதவு திறக்குமுன் படியில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து பாருங்கள்.

கூட்டத்தில் உங்கள் ஆலோசகர் வாஷிங்டன் கார்னகி நூலகத்தை முன்மாதிரியாகக் காட்டினார். நல்ல உதாரணம்தான், முழுவதுமாகச் சொன்னால். ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்தில் கட்டி 1903-இல் திறந்த கட்டடம் அது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க அப்போதே இடம் கொடுத்தது. 'மக்களின் பல்கலைக்கழகம்' என்று அதன் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிள் அங்கே கடை திறந்தது 2019-இல். ஆனால் அந்நகரம் தன் மைய நூலகத்துக்கு வேறு பெரிய கட்டடம் கட்டி 1972-இலேயே திறந்துவிட்டது. கடை வந்த பிறகும் மேல் மாடியில் நகர வரலாற்று மையம் இயங்குகிறது. நம் திட்டத்தில் புத்தகங்கள் போகும் இடம் "தற்காலிகக் கிடங்கு" என்று ஒரே சொல்லில் முடிகிறது. எந்தத் தெரு, எத்தனை மாதம், அங்கே வாசகர் போகலாமா என்று ஒரு வரி இல்லை. முதலில் புது நூலகம், பிறகு கடை என்று சொல்லியிருந்தால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன்.

ஆலோசகர் சொல்லாத ஊர்களும் உண்டு. மெல்போர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தை இடித்து ஆப்பிள் கடை கட்டும் திட்டம் 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2019-இல் அந்த மாநிலத்தின் பாரம்பரியத் துறை இடிக்க அனுமதி மறுத்தது. திட்டம் கைவிடப்பட்டது. ஸ்டாக்ஹோமில் அரச தோட்டத்தில் வரவிருந்த கடையை 2018 தேர்தலுக்குப் பின் வந்த நகர மன்றப் பெரும்பான்மை வேண்டாம் என்றது. அறிவிப்பு வந்துவிட்டது, இனி என்ன செய்ய என்று உங்களில் சிலர் கையை விரிப்பதாகக் கேள்விப்படுகிறேன். கையெழுத்து விழும்வரை நிபந்தனை போடும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது 3 நிமிடத்தில் விட்டுப்போனது. 9-ஆம் தாளில் கூடத்தின் நான்கு சுவரிலும் காடி வெட்டி, அதாவது நீளப் பள்ளம் தோண்டி, வயர் பதிக்கப் போகிறார்கள். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். காடி வெட்டிய இடத்தை இன்றைய வழக்கப்படி சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்தில் உள்ள காரையில் தேங்கும். முதலில் உப்புப் பூக்கும், பிறகு காரை உப்பி உதிரும். உள்ளே நாள் முழுக்க ஏசி ஓடினால் குளிர்ந்த சுவரில் ஈரம் படியவும் செய்யும். இப்படிப் பாழான பழைய வீட்டுச் சுவர்களை நான் கையால் தட்டிப் பார்த்திருக்கிறேன். பொத்பொத்தென்று கேட்கும். சுவரைத் தொடாமல் செய்ய வழி இருக்கிறது. தரைக்கு மேல் ஒரு பொய்த்தரை போட்டு அதனடியில் வயரை ஓட்டலாம். சுவரோரம் தேவைப்படும் இடத்தில் வெளியில் தெரியும்படி குழாய் கொண்டுபோகலாம். நாளைக்குக் கடை காலி செய்தால் கழற்றி எடுத்துவிடலாம், சுவர் சுவராக இருக்கும். பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 5-ஆவது பிரிவு, கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருப்பது நல்லது, ஆனால் அதற்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்கிறது. எங்கள் 2 படிக்கு நீங்கள் காட்டிய கண்டிப்பை இந்த நான்கு சுவருக்கும் காட்டியிருக்கலாம்.

நிறுவனத்தின் விண்ணப்பத்தில், கடை "ஊர் கூடும் சதுக்கம்" போல இருக்கும், யாரும் வரலாம் என்று எழுதியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு கடையில் எதையும் வாங்காமல் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். இந்த ஊரில் காசு கொடுக்காமல் உட்கார எத்தனை இடம் மிச்சம்? பேருந்து நிறுத்தத்தில் இருந்த நீளப் பலகையை எடுத்துவிட்டுச் சாய்ந்து நிற்கும் கம்பி வைத்தீர்கள். பூங்கா மாலையில் சீக்கிரம் பூட்டப்படுகிறது. பொதுக் கழிப்பறை இருந்த இடத்தில் விளம்பரப் பலகை நிற்கிறது. வேலை தேடும் பிள்ளைகளும், வீட்டில் தனி அறை இல்லாதவர்களும், பகலெல்லாம் பேச ஆளில்லாத முதியவர்களும் கடைசியில் வந்து சேரும் இடமாக இந்தக் கூடம் மட்டும்தான் இருக்கிறது. இதையும் எடுத்துவிட்டு அவர்களை எங்கே போகச் சொல்கிறீர்கள்? குத்தகைப் பணத்தால் சாலை போடலாம் என்கிறீர்கள். அந்தச் சாலையில் நடந்து அவர்கள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா?

கோபத்தில் விஷயத்தை விட்டு விலகிவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களில் பலர் இந்த நூலகத்தில் படித்து மேலே வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நம்பிக்கையோடு கேட்கிறேன்.

மாடியையும் கிழக்குப் பகுதியையும் கடைக்குக் கொடுங்கள், எங்களுக்கு மறுப்பு இல்லை. வாசிப்புக் கூடத்தை விட்டுவிடுங்கள். சுவரில் காடி வெட்டக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். வடக்கு வாசலில் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியோடு சாய்தளம் போட்டு, அதை வாசகர்களுக்குத் திறந்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு நூலகங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கருணை காட்டும்படி நான் கேட்கவில்லை.

தீர்மானம் அடுத்த மன்றக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது என்றார்கள். அந்தக் கூட்டத்தை, தயவுசெய்து, படி ஏறாமல் வரக்கூடிய ஓர் இடத்தில் வையுங்கள். இந்த முறை 3 நிமிடத்தையும் அக்காவே பேசுவார். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் உறுப்பினர் ஒருவர்