சீனி கலந்ததைக் கருப்பட்டி என்று விற்கவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு, திசையன்விளைப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகள் எழுதுவது. வணக்கம்.

கருப்பட்டியில் சீனி கலக்கிறார்கள் என்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அதனால் போன வாரம் நடந்ததற்கே வருகிறேன். அப்பா கொண்டுபோன கருப்பட்டியை வியாபாரி உடைத்து வாயில் போட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, சரக்கு சுத்தம்தான். ஆனா சீனிக் கருப்பட்டி வெலதான் தர முடியும்" என்றார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் நாங்கள் படும் பாட்டைச் சொல்கிறேன். சீசனில் அப்பா விடியுமுன்னே பதநீர் இறக்க ஏறுவார். சாயங்காலம் பாளை சீவ மறுபடி ஏறுவார். சீவாமல் விட்டால் பதநீர் சுரப்பு நின்றுபோகும் என்பதால் காய்ச்சல் கண்டாலும் மரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அம்மா பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் புகைக்குள் நின்று, பதநீர் கெட்டிப் பாகான கூப்பனியாகிப் பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றுவார். மரத்தில் உரசி உரசி அப்பாவின் நெஞ்சுத் தோல் காய்த்துக் கிடக்கிறது. மூட்டைச் சீனியைக் கொட்டிக் காய்ச்சியவனுக்கும் அதே விலையா?

சீனி மலிவான கதையில் நம் ஆட்களும் உண்டு. கரீபியத் தீவுகளின் கரும்புக் காடுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்து விழுந்தார்கள். அடிமைமுறை ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலி வந்தது. மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் தமிழர்கள் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டினார்கள். இன்று அதே சீனி எங்கள் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்து பனையேறியின் கூலியை இறக்குகிறது.

பனை நம் மாநில மரம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. நாற்கரச் சாலை நெடுகக் கருப்பட்டிக் காபி போர்டுதான். பெயருக்கு இவ்வளவு மரியாதை, ஏறுகிறவருக்கு எங்கே? என் தம்பி பனை ஏறமாட்டேன் என்று திருப்பூர் போய்விட்டான். அவனைத் திரும்பி வா என்று கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: கடையில் மாதிரி எடுப்பதோடு நிறுத்தாமல், சீனி மூட்டை இறங்குகிற காய்ச்சுமிடங்களுக்கே சீசனில் வாருங்கள். சோதனை முடிவை ஊரறிய வெளியிடுங்கள். சீனி சேர்த்திருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடவையுங்கள். கருப்பட்டி என்ற பெயரில் அதை விற்கவிடாதீர்கள். அடுத்த பாளை விடுவதற்குள் செய்துதர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனையேறியின் மகள்