மீன்சட்டி ஒண்ணு வருது

மக்களே,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்லல்ல. குக்கர் விசில் அடிச்சுது, உனக்கும் டூட்டிக்கு நேரமாச்சுன்னு வச்சுட்ட. "சந்தையில நூத்தம்பது ரூவாய்க்குக் கிடைக்குற சட்டிக்கு எதுக்கும்மா இந்தப் பாடு, உனக்கு நேரம் எங்க இருக்கு"ன்னு கேட்டியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

திங்கக்கிழமை காலம்பற உலையில அரிசி போடுறதுக்கு முன்னால மண்ணுக்கட்டிய உடைச்சு பக்கெட்டுல தண்ணி விட்டு வச்சிருவேன். மூணு நாள் அது பாட்டுக்குக் கிடக்கும். வியாழக்கிழமை துணி அலக்கப் போகும்போ அதக் கலக்கி, அப்பாவுக்க பழைய வேட்டியில அரிச்சு, தண்ணி தெளிய வச்சு, அடியில நிக்குற குழம்ப உன் பழைய தலகாணி உறைக்குள்ள ஊத்துவேன். நீலப்பூ போட்டது, ஹாஸ்டலுக்குக் கொண்டு போனியே, அதுதான். பலாமரக் கொம்புல கட்டித் தூக்கிட்டா சொட்டுச் சொட்டா வடிஞ்சு, ரெண்டு நாளுல சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்துரும். அப்பா ரப்பர் பால் எடுத்துட்டு வரும்போ ஒரு நாள் அதுல தலை முட்டி, "என்னடி இது, கடந்தக் கூடா"ன்னு கேட்டாவ.

சட்டி செய்யுறது மத்தியானம், சாப்பாடு முடிஞ்சு ஒரு மணி நேரம். சக்கரம் எல்லாம் நம்மகிட்ட இல்ல. உடைஞ்ச பானைக்க அடிய ஒரு அச்சு மாதிரி வச்சு, சாம்பல் தூவி, மண்ணப் பரத்தி அமுக்கணும். பிறகு மண்ணக் கயிறு மாதிரி உருட்டி சுத்திச் சுத்தி ஏத்தணும். கொஞ்சம் இறுகினதும் உள்ள ஒரு உருளங்கல்லப் பிடிச்சு, வெளிய பலகையால தட்டித் தட்டி மெலிசாக்கணும். நடுவுல ஆரும் வந்தா ஈரத்துணியப் போட்டு, மேல பாலித்தீன் கவரால மூடி வச்சிருவேன். ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தாலும் விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். மீன்கறி அப்படி நிக்குமா சொல்லு.

இதெல்லாம் எனக்குப் படிப்பிச்சுத் தந்தது சட்டி செய்யுற பாட்டிதான், உனக்குத் தெரியும், பொங்கலுக்குப் பானை கொண்டு வருவாவளே. அவங்க மொவன் தாசில்தாருகிட்ட அனுமதி வாங்கி குளத்துல வண்டல் எடுக்குறாரு. அதுல ரெண்டு சாக்கு எனக்கும் தந்தாவ. என் கையப் பிடிச்சுப் பாத்துட்டு பாட்டி ஒண்ணும் பேசல்ல. இருபத்திரண்டு வருசம் முந்திரி அண்டி ஆபீஸ்ல கொட்டைத் தோடு உடைச்ச கை. அந்தத் தோட்டுல உள்ள எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்து, தோலு உரிஞ்சு, ஒரு காலத்துல ரேஷன் கடை மெஷின்ல ரேகையே விழாது. சோறு உருட்டித் தரும்போ நீ "அம்மா கை நாறுது"ன்னு முகத்தத் திருப்புவ. ஆபீஸ் பூட்டினப்போ வர வேண்டிய கணக்குல பாதி இன்னும் வரல்ல, அது கிடக்கட்டும். இப்போ மண்ணுல என் விரல் வச்ச இடம் எல்லாம் ரேகையோட பதியுது. அத நான் கல்லு வச்சுத் தேய்க்காம ஒரு ஓரத்துல விட்டுருவேன். பாட்டி பாத்தா ஏசுவாவ.

தப்பும் நிறைய நடந்துது. நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு மழை இல்லியா. ஆனி ஆடிச் சாரலுல வச்ச சட்டி ஒரு மாசம் ஆனாலும் உணங்காது. நான் பொறுமை இல்லாம, வெயில் கண்ட ஒரு நாளுல ஏழு சட்டிய அடுக்கி, தேங்காத் தொண்டும் சிரட்டையும் ரப்பர் கம்பும் போட்டுத் தீ வச்சேன். கால் மணி நேரத்துல வெடி சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு. பக்கத்து வீட்டுக்காரி கல்யாண வெடின்னு நினைச்சு எட்டிப் பாத்தா. நான் காத்துக் குமிழி இருந்துதான் வெடிச்சுதுன்னு நினைச்சேன். பாட்டி சொன்னாவ, தண்ணிதான். கண்ணுக்கு உணங்கின மாதிரி இருக்கும், உள்ள ஈரம் கிடக்கும். தண்ணி ஆவியானா 1,600 மடங்குக்கு மேல பெருகும்னு பக்கத்து வீட்டு பிசிக்ஸ் சாரும் சொன்னாரு. அது போறதுக்கு வழி இல்லாமத்தான் சட்டியப் பொளந்துட்டுப் போகுது. இப்போ ஒவ்வொண்ணையும் கன்னத்துல வச்சுப் பாப்பேன். குளுந்தா இன்னும் ஈரம் உண்டு, திரும்ப அடுப்புக்குப் பக்கத்துல வைப்பேன். சுடுறது தை, மாசியில மட்டும்தான். தீயையும் முதல்ல புகை மாதிரி வச்சு, மெதுவாத்தான் ஏத்துறது. 600 டிகிரி தாண்டிட்டா பிறகு எவ்வளவு தண்ணியில போட்டாலும் அது திரும்ப மண்ணாவாது.

இன்னொரு தடவ கடல்மணல் சேர்த்துப் பாத்தேன். சுட்டு எடுக்கும்போ அழகா இருந்துது. நாலு நாள் கழிச்சு வட்டம் வட்டமா மேல்தோலு தெறிச்சு விழுது. மணலுல கிடந்த சிப்பித் துண்டு தீயில சுண்ணாம்பா மாறி, காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சு வீங்குமாம். கடலோரத்துல பிறந்த எனக்கு இது அறுபது வயசுல தெரியுது. இப்போ மணலுக்குப் பதிலு வெடிச்ச அந்த மூணு சட்டியையும் உரல்ல இடிச்சு, சலிச்சு, மண்ணோட சேர்க்குறேன்.

உனக்கு வச்சிருக்கது அந்த மண்ணுல செஞ்சதுதான். பச்சையா இருக்கும்போ பெருசா இருந்துது, காஞ்சு சுட்டு வரும்போ பத்துல ஒரு பங்கு சுருங்கிட்டு. ரெண்டு பேருக்குப் புளிமுளம் மீன்கறி வைக்க இது போதும். அடியில உன் பேருக்க முதல் எழுத்து கீறியிருக்கேன். கீழடியில கிடைச்ச பானை ஓட்டுலயும் 'ஆதன்'னு பேரு கீறி இருக்குன்னு டிவியில காட்டினாவ. நானும் பாத்துட்டுத்தான் செஞ்சேன், நானா கண்டுபிடிச்சதுன்னு நினைக்காத.

வந்ததும் முதல்ல ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டு வை. மறுநாள் கஞ்சித்தண்ணிய நிறைய விட்டு, சின்னத் தீயில கொதிக்க விட்டு, அதுலயே ஆற விடு. அந்தக் கஞ்சிப்பசை போய்த்தான் மண்ணுல உள்ள சின்னச் சின்ன ஓட்டைய அடைக்கும். பிறகு உள்ளயும் வெளியயும் தேங்கா எண்ணெய். சோப்பு போடாண்டாம், மண்ணு அதக் குடிச்சு வச்சுட்டு கறியில விடும். கடலைமாவும் நாரும் போதும். உங்க இண்டக்ஷன் அடுப்புல இது சூடாவாது, மாப்பிளகிட்ட சொல்லி கேஸ் அடுப்ப வெளிய எடு. அடுப்புல இருந்து இறக்கினதும் ஈரத் திண்ணையில வச்சா விரிசல் விழுந்துரும், துணி மடிச்சு அதுமேல வை. முதல் மீனு சாளையா இருக்கட்டும். வச்ச அன்னைக்கு விட மறுநாள்தான் கறி ருசிக்கும்.

வியாழக்கிழமை ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல பக்கத்து வீட்டுப் பையன் நாகர்கோவில்ல ஏறுறான். வைக்கோலும் என் பழைய சேலையும் சுத்தி, பலாப்பழம் வச்ச சாக்குல தனியாக் கட்டித் தந்திருக்கேன். கையில வாங்கினதும் விரலால சுண்டிப் பாரு. 'ணங்'குன்னு கேட்டா நல்லது. 'டப்'புன்னு அமுங்கிக் கேட்டா எங்கயோ விரிசல் உண்டு. அப்படி இருந்தா அந்தப் பையன ஒண்ணும் சொல்லாண்டாம், ரயிலுல கூட்டம் எப்படி இருக்குமோ. அந்தச் சட்டியத் தூரப் போட்டுராத. ஓணத்துக்கு வரும்போ அதே சேலையில கட்டிக் கொண்டு வா, உரல்ல இடிச்சு அடுத்த மண்ணுல சேர்த்துக்கலாம்.

அம்மா