தரிசு வயல்களில் மரம் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உழவு நின்றுபோன நிலங்களை மீண்டும் காடாக்கப் புறப்பட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் முதல் நாளே இயந்திரத்தை இறக்கி, இருக்கிற புதர்களை ஒட்ட வழித்தெடுத்துவிட்டுக் கன்று நடுகிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பயிர் போனாலும் உழவின் சுவடு மண்ணில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுத வயலில், கலப்பை தொட்ட மட்டத்துக்குக் கீழே மண் இறுகிக் கிடக்கும். பட்டுப்போன கன்றுகளில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் அங்கே முட்டி, ‘ட’ போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். மழைக்காலம் முழுக்க அந்தக் கன்று செழிப்பாகவே நின்றிருக்கும். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடி ஈரம் எட்டாமல் வாடும். இதற்கு வயல் முழுவதையும் புரட்ட வேண்டாம், நடும் வரிசையில் மட்டும், இறுகிய மண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை ஓட்டினால் போதும்.

புல்லை நீங்கள் பகையாகப் பார்ப்பது சரிதான். அதன் சல்லிவேர்கள் மேல்மண் ஈரத்தைக் கன்றுக்கு முந்திக் குடித்துவிடும். அடர்ந்த புல்லில் எலிகளும் ஒளிந்துகொண்டு விதையைத் தின்னும், இளந்தண்டின் பட்டையைக் கொறிக்கும். பழைய உரத்தின் பாஸ்பரஸ் பல ஆண்டுகள் மண்ணில் தங்கி, வேகமாக வளரும் களைகளுக்கே கைகொடுக்கும். எனவே கன்றைச் சுற்றிப் புல்லை நீக்கி, சருகாலோ வைக்கோலாலோ மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள்.

புதரின் கதை வேறு. வெட்டவெளியில் முளை கருகும் வெயிலிலும் அதன் நிழலில் மண் குளிர்ந்திருக்கும். அதில் வந்து அமரும் பறவைகளின் எச்சத்தோடு காட்டு விதைகளும் விழும். எல்லாவற்றையும் மூடிப் படரும் அயல்நாட்டுப் புதர்களை அகற்றுங்கள், மறுக்கவில்லை. மற்றவற்றை விட்டுவைத்து, அவற்றின் ஓரத்திலேயே நடுங்கள்.

பக்கத்தில் காடு இருந்தால் நடவே தேவையில்லாமலும் போகலாம். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வுப் பண்ணையில் 1882-ல் கோதுமை வயலின் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டார்கள். அதில் பிறகும் தொடாமல் விட்ட இடம் இன்று மரக்காடு. காட்டிலிருந்து தொலைவில் இருக்கும் வயலுக்குத்தான் விதை வந்து சேராது. உங்கள் கன்றுகளை அங்கே கொண்டு போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் அறிக்கைகளில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கைதான் பெரிதாக இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கைவிட்ட வயல்களில் நிலையான கட்டங்களை அடையாளமிட்டு, அவற்றில் 1958 முதல் செடிகளைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். அவ்வளவு நெடுங்காலம் கேட்கவில்லை. இரண்டாவது வறண்ட பருவம் முடிந்ததும் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் பிழைத்தது, எங்கே பட்டுப்போனது என்று எண்ணி வெளியிடுங்கள்.

அக்கறையுடன்,
மண்ணை நேசிக்கும் ஒருவர்